தூதனைக் கொல்லாதே! (ஒரு மஞ்சள் விளக்கின் கதை)

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க. இருந்தாலும் காரணத்தைச் சொல்லிடறேன். தீசிஸ் எழுதினேன்னு ஒரு பிட்டைப் போடலாம். ஆனா உண்மை என்னன்னா, அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்ல காரோட பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னேன். அதுல கை சுட்டுது, காசு போச்சு, ஒரு நல்ல மனுஷனோட பேரையும் கெடுத்தேன். மூணாவது விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவு. அதுக்கு முதல் ரெண்டையும் சொல்லியாகணும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். டேஷ்போர்டுல இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சா நாம எல்லாரும் ஒரே காரியம்தான் பண்றோம். கோட் என்னன்னு பார்க்கறோம். அந்தக் கோடுக்குப் பக்கத்துல எந்த சென்சார் பேர் அடிபடுதோ அதை வாங்கி மாத்தறோம். விளக்கை அழிக்கறோம். ஒரு வாரம் நிம்மதியா ஓட்டறோம். திரும்ப எரியுது. அடுத்த சென்சார். இது தப்புங்கறேன். கோட் சொல்றது குற்றவாளியோட பேர் இல்லை, சாட்சியோட வாக்குமூலம். நாம சாட்சியைப் பிடிச்சுத் தூக்குல போட்டுட்டு கேஸ் முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போறோம்.

இனி கொசுவத்தி சுத்தறேன்.

நம்ம ரதம் 2004 மாடல். நாலு சிலிண்டர், 1.8 லிட்டர், ஓடோமீட்டர்ல 1,60,000 மைல் சொச்சம். எங்க டிபார்ட்மென்ட்ல படிச்சு முடிச்சு வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போன சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட 2,800 டாலருக்கு வாங்கினேன். டாலஸ் பக்கம் இருந்தவங்களுக்குத் தெரியும், இங்க கார் இல்லாதவன் கால் இல்லாதவன். பால் வாங்கணும்னாலும் ஹைவே ஏறணும். வாங்கி எட்டு மாசம் ஒரு குறையும் சொல்லலை. ஒன்பதாவது மாசம் ஒரு நாள் காலையில விளக்கு எரிஞ்சுது. சிக்னல்ல நிக்கும்போது லேசா ஒரு குலுக்கல், குளிர் ஜுரம் வந்த மாதிரி. மத்தபடி ஓட்டம் பழுதில்லை.

விளக்கோட ஓட்டிட்டே இருக்கலாமேன்னு கேப்பீங்க. இருக்கலாம், ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கற மாசம் வராத வரைக்கும். டெக்சாஸ்ல 2025 ஜனவரியோட சாதாரண கார்களுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷனை எடுத்துட்டாங்க. ஆனா டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் மாதிரி ஊர்களைச் சுத்தின கவுன்ட்டிகள்ல புகை டெஸ்ட் அப்படியேதான் இருக்கு. வாலைப் பிடிச்சுப் புகையை அளக்கறதெல்லாம் பழைய காலம். இப்ப ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்ல வயரைச் செருகி காரோட கம்ப்யூட்டர்கிட்டயே கேக்கறாங்க. விளக்கு எரிஞ்சா ஃபெயில். ஃபெயிலானா ரிஜிஸ்ட்ரேஷன் இல்லை. எனக்கு அப்ப சரியா ஏழு வாரம் பாக்கி.

முதல்ல ஒரு மெக்கானிக் ஷாப்புக்கு போன் போட்டேன். என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க மட்டும் 110 டாலர், ரிப்பேர் தனின்னாங்க. "கண்டுபிடிக்கறதுக்கே 110ஆ? வேலையே செய்யாம?"ன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போனை வச்சேன். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி இது என்னைத் திரும்ப வந்து அடிக்கும்.

உதிரி பாகம் விக்கற கடைகள்ல கோட் இலவசமா படிச்சுச் சொல்வாங்க. போனேன். பி0171. "சிஸ்டம் டூ லீன், பேங்க் 1." அதாவது கலவையில காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. கவுன்ட்டர்ல இருந்த பையன், "பொதுவா எல்லாரும் ஆக்சிஜன் சென்சாரைத்தான் மாத்துவாங்க"ன்னான். அவன் பொய் சொல்லலை. எல்லாரும் மாத்தறாங்கதான். மாத்தினா சரியாகுதான்னு நான் கேக்கலை, அவனும் சொல்லலை. 68 டாலர்.

இங்க கொஞ்சம் பாடம் எடுக்கறேன், கொட்டாவி விடறவங்க ரெண்டு பாரா தாண்டிப் போயிடுங்க.

ஒரு பங்கு பெட்ரோல் முழுசா எரிய சுமாரா 14.7 பங்கு காத்து வேணும், எடைக் கணக்குல. உள்ள வர்ற காத்தை அளக்கறதுக்கு ஒரு சென்சார் இருக்கு, மாஃப்னு பேரு. சூடாக்கின ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். காத்து பட்டா கம்பி ஆறும். ஆறாம வச்சிருக்க எவ்வளவு கரன்ட் தேவைப்படுதோ அதை வச்சு எத்தனை கிராம் காத்து போச்சுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அதுக்கேத்த பெட்ரோலை ஊத்துது. எரிஞ்சு வெளிய வர்ற புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்கான்னு பார்க்க எக்ஸாஸ்ட்ல இன்னொரு சென்சார். இந்த ஆக்சிஜன் சென்சார் பாஷ் கம்பெனி செஞ்சு, 1976ல முதல் முதலா வால்வோ கார்ல வந்தது. நம்ம அப்பா காலத்து சமாச்சாரம். அது 0.1 வோல்ட் பக்கம் காட்டினா ஆக்சிஜன் மிச்சம், பெட்ரோல் கம்மி. 0.9 பக்கம் காட்டினா பெட்ரோல் அதிகம். நல்லா இருக்கற இஞ்சின்ல இது ரெண்டுக்கும் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும்.

கம்மின்னு சொன்னா கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட ஊத்தும். அதிகம்னு சொன்னா குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு ஃப்யூயல் ட்ரிம்னு பேரு, சதவீதத்துல இருக்கும். ரெண்டு பக்கமும் பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா பொதுவா சரின்னு எடுத்துக்கலாம். கூட்டிக் கூட்டி எல்லைக்கே போயும் சென்சார் இன்னும் "பத்தலை, பத்தலை"ன்னு சொல்லுதுன்னு வைங்க. ஒரு தடவை இப்படின்னா கம்ப்யூட்டர் மனசுக்குள்ள குறிச்சு வச்சுக்கும். அடுத்த ஓட்டத்துலயும் அதே கதைன்னா விளக்கைப் போடும், பி0171ன்னு எழுதும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஆக்சிஜன் சென்சார் ஒழுங்கா வேலை செஞ்சு "பெட்ரோல் பத்தலை"ன்னு கத்தினதாலதான் விளக்கே எரிஞ்சுது. அதைப் போய் மாத்தினா?

அனுமார் தூது போன கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பிடிச்சுக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினதும் ராவணன் கொல்லச் சொன்னான். தூதனைக் கொல்றது தர்மம் இல்லைன்னு விபீஷணன் எடுத்துச் சொல்ல, சரி கொல்ல வேண்டாம், வால்ல தீ வைங்கன்னான். அதுக்கே இலங்கை என்ன கதியாச்சுன்னு தெரியும். நான் ராவணன் அளவுக்குக்கூட யோசனை கேக்கலை. நேரா 68 டாலர் கொடுத்து தூதனையே தீர்த்துக்கட்டினேன்.

தீர்த்துக்கட்டறதும் லேசில்லை. இருபது வருஷமா எக்ஸாஸ்ட் சூட்டுல வெந்து பைப்போட ஒட்டிப்போன சென்சார். துருவுக்கான எண்ணெயை அடிச்சு ஒரு ராத்திரி ஊற வச்சு, 22 மில்லிமீட்டர் சாக்கெட்ல நீளமான ராடை மாட்டி, ரூம்மேட் பின்னாடி நின்னு இடுப்பைப் பிடிச்சுக்க, தேர் இழுக்கற மாதிரி இழுத்தோம். வந்துச்சு. கூடவே என் கைமுட்டித் தோலும் வந்துச்சு. புதுசை மாட்டி, கோடை அழிச்சு, வெற்றி வெற்றின்னு பிரியாணி சாப்பிட்டோம்.

நாலாவது நாள் விளக்கு திரும்ப எரிஞ்சுது. அதே பி0171.

ரூம்மேட்டுக்கு அப்ப ஞானோதயம். "மாப்ள, பெட்ரோல் மூடி லூஸா இருந்தாலும் இந்த விளக்கு எரியுமாம்டா." எரியும், உண்மைதான். ஆனா அது வேற கோட், வேற சிஸ்டம், பெட்ரோல் ஆவி சம்பந்தப்பட்டது. அதெல்லாம் அன்னைக்கு யாருக்குத் தெரியும்? மூடி 15 டாலர். அப்புறம் மாஃப் சென்சார், இருக்கறதுலயே மலிவானது, 94 டாலர். அதைப் போட்டதும் குலுக்கல் கூடிப்போச்சு, ரெண்டே நாள்ல விளக்கு. சரின்னு பழைய மாஃபையே அதுக்குன்னு விக்கற 11 டாலர் ஸ்ப்ரேயால கழுவி மாட்டினேன். புதுசைத் திருப்பிக் கொடுக்கப் போனா, கரன்ட் சாமான் ஒரு தடவை மாட்டிட்டா திரும்ப எடுக்க மாட்டாங்களாம்.

68, 15, 94, 11. மொத்தம் 188 டாலர். டீச்சிங் அசிஸ்டன்ட் சம்பளத்துல அது எனக்கு ஒரு மாச மளிகை. ஏழு வாரத்துல நாலு வாரம் போயிடுச்சு.

இந்த இடத்துலதான் நான் கேவலமான ஒரு காரியம் பண்ணினேன். வாராவாரம் நாங்க பத்துப் பதினைஞ்சு பேர் கூடிச் சமைச்சுச் சாப்பிடுவோம். அங்க ஒருத்தன் "கார் என்னடா ஆச்சு?"ன்னான். எரிச்சல்ல இருந்தேன். "என்ன ஆகும்? அண்ணன் நல்லா தலையில கட்டிட்டார். விக்கறதுக்கு முன்னாடி கோடை அழிச்சுட்டுக் கொடுத்திருக்கார். நானும் தமிழ் ஆளுன்னு நம்பி வாங்கிட்டேன்"னேன். சொல்லும்போதே எனக்கு அது உண்மையாத்தான் பட்டுச்சு. கேட்டவங்களும் தலையாட்டினாங்க. இங்க ஒரு வார்த்தை விழுந்தா போதும், அடுத்த வாரத்துக்குள்ள நாலு ஸ்டேட்டுக்குப் போயிடும்.

அஞ்சாவது வாரம், வேற வழியில்லாம, முதல்ல போன் போட்ட அதே ஷாப்புக்குப் போனேன். அறுபது வயசு இருக்கும் அந்த மெக்சிகன் பெரியவருக்கு. எல்லாரையும் "மீஹோ"ன்னுதான் கூப்பிடறார். நம்ம "மகனே" மாதிரி. நான் வாங்கி மாத்தின லிஸ்டை ஒப்பிச்சேன். முகத்துல ஒரு சலனமும் இல்லை. தினமும் கேக்கற கதை போல.

பானெட்டை அவர் தொடவே இல்லை. சாக்கெட்ல ஸ்கேனரைச் செருகிட்டு, என்னை சீட்டுல உட்கார வச்சு இஞ்சினை ஆன் பண்ணச் சொன்னார். கோடை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் பார்த்தது பூரா ட்ரிம் நம்பரை. ஐடில்ல நிக்கும்போது உடனடி ட்ரிம் 7, நீண்டகால ட்ரிம் 18. சேர்த்து 25 சதவீதம் அதிகம் ஊத்திக்கிட்டு இருக்கு. "இப்ப 2,500ல பிடி"ன்னார். ஆக்சிலரேட்டரை மிதிச்சுப் பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல கூட்டுத்தொகை 8க்கு இறங்கிடுச்சு.

"போதும், ஆஃப் பண்ணு. எங்கயோ ஓட்டை இருக்கு, காத்து உள்ள போகுது"ன்னார்.

எப்படின்னு கேட்டேன். அவர் சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன். வீட்டுல ரெண்டு பேருக்குச் சமைச்சிருக்கும்போது சொல்லாம ஒருத்தர் வந்து உட்கார்ந்தா சாம்பார் பத்தாது, அம்மா முகத்துல தெரிஞ்சுடும். கல்யாணப் பந்தியில ஐநூறு பேருக்கு நடுவுல ஒரு ஆள் கூடுதலா உட்கார்ந்தா யாருக்குத் தெரியும்? மாஃப் சென்சாரைத் தாண்டின இடத்துல ஒரு ஓட்டை இருந்தா, அது வழியா வர்ற காத்து கணக்குல வராது. ஐடில்ல இஞ்சின் குடிக்கற காத்தே கொஞ்சம்தான், அதுவும் த்ராட்டில் மூடியிருக்கறதால உள்ள இழுப்பு ரொம்ப அதிகம். அதனால திருட்டுக் காத்தோட பங்கு பெருசு. மிதிக்கும்போது முறையான வழியிலயே காத்து வெள்ளமா வருது. திருட்டுக் காத்து அதுல கரைஞ்சுபோயிடும். இதுக்கு நேர்மாறா, ஐடில்ல நல்லா இருந்து மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறினா, மாஃப் குறைச்சுச் சொல்லுது, இல்லைன்னா பெட்ரோல் பம்ப் திணறுதுன்னு சந்தேகப்படணும். ரெண்டு நம்பர், அஞ்சு நிமிஷம். வழி ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பக்கம் மொத்தமா கழிஞ்சுபோச்சு.

அதோட நிறுத்தலை. காத்துக் குழாய் வாயில துளி ப்ரொப்பேன் கேஸை விட்டுக் காட்டினார். ஆக்சிஜன் சென்சார் 0.1லேர்ந்து சட்டுனு 0.9க்குத் தாவிச்சு. "பார், இது உண்மை பேசுது. நீ தூக்கிப் போட்ட பழசும் உண்மைதான் பேசியிருக்கும்"னார். (இதை யாரும் வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க. சூடான இஞ்சின் மேல எரியற கேஸ், எரியற ஸ்ப்ரேன்னு விளையாடினா இலங்கா தகனம்தான்.)

அப்புறம் இஞ்சின் ஓடாம இருக்கும்போது காத்து நுழையற வாயை அடைச்சு, ஒரு சின்ன மெஷினால உள்ள லேசா புகை விட்டார். அரை நிமிஷத்துல இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழேர்ந்து ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை எழும்பிச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா பிசிவி ஹோஸ். இஞ்சின் வயித்துல சேர்ற வாயுவைத் திரும்ப உள்ள இழுத்து எரிக்கறதுக்கான, விரல் நீள ரப்பர் குழாய். வளைவுல, அடிப்பக்கமா வெடிச்சிருந்துச்சு. மேலேர்ந்து பார்த்தா தெரியவே தெரியாது.

மொத்தம் அரை மணி நேரம். 110 டாலர். ஹோஸ் விலை 9 டாலர். நானே மாட்டிக்கறேன்னேன், சரின்னுட்டார்.

இப்ப என் கட்சிக்கு வரேன். இந்த 110 டாலரை ஏன் நான் முதல் நாளே கொடுக்கலை? பணம் இல்லாமலா? அதைவிட அதிகமா பார்ட்டுக்குக் கொடுத்தேனே. கையில டப்பாவா ஒரு சாமான் கிடைச்சா காசு கொடுத்தது நியாயம்னு தோணுது. ஒருத்தர் யோசிச்சதுக்குக் கூலி கேட்டா அநியாயமாத் தோணுது. "சும்மா பார்த்ததுக்கே இவ்வளவா?" டாக்டர்கிட்ட மாத்திரை எழுதித் தரலைன்னா ஃபீஸ் தண்டம்னு நினைக்கற அதே புத்தி. வேடிக்கை என்னன்னா, நான் இங்க படிச்சுட்டு இருக்கறது மாஸ்டர்ஸ். நாளைக்கு எங்கயாவது போய் உட்கார்ந்து, ஒரு சாமானும் செய்யாம, யோசிச்சதுக்குச் சம்பளம் வாங்கப்போறவன். நம்ம பதிவர்கள்ல பாதிப்பேர் பொட்டி தட்டறவங்க. லாக் ஃபைலைப் படிக்காம, எர்ரர் வந்த லைனை மட்டும் கமென்ட் போட்டு மறைக்கற ஜூனியரை நீங்க என்ன சொல்வீங்க? அதைத்தான் நான் கார்ல பண்ணினேன்.

கோடை இலவசமாப் படிக்கற கடையைக் குத்தம் சொல்லலை. அவங்க சாமான் விக்கறவங்க. வைத்தியரும் மருந்துக்கடையும் ஒரே ஆளா இருந்தா நோயாளிதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும்.

இன்னொண்ணு. இந்த சாக்கெட் சும்மா வந்துடலை. 1980கள்ல கலிஃபோர்னியா காத்து மாசுக்காக கார் கம்பெனிகளை நெருக்க ஆரம்பிச்சு, 1996 மாடல்லேர்ந்து அமெரிக்காவுல விக்கற எல்லாக் கார்லயும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், பொதுவான கோட் மொழி இருந்தாகணும்னு ஆச்சு. ஓபிடி 2ன்னு பேரு. அதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு சாக்கெட், ஒரு பாஷை. இப்ப 20 டாலர் ப்ளூடூத் குச்சியைச் செருகினா, ட்ரிம், வோல்ட், காத்து கிராம், கூலன்ட் சூடு எல்லாம் நம்ம போன்லயே ஓடும். விளக்கு எரிஞ்ச நொடியில இஞ்சின் என்ன நிலைமையில இருந்துச்சுன்னு ஒரு போட்டோ மாதிரி எடுத்து வச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. அதையும் படிக்கலாம். இவ்வளவு பெரிய கதவைச் சட்டம் போட்டுத் திறந்து விட்டிருக்காங்க. நாம எட்டிப் பார்த்து அஞ்சு எழுத்தைப் படிச்சுட்டு மூடிடறோம்.

அப்ப சென்சாரே கெட்டுப்போகாதான்னு சண்டைக்கு வராதீங்க. கெட்டுப்போகும். ஆக்சிஜன் சென்சார் தேயற சாமான், லட்சம் மைல் தாண்டின கார்ல அது மெதுவாகறதும் சாகறதும் சகஜம். பி0135 மாதிரி "சென்சாருக்குள்ள இருக்கற ஹீட்டர் சர்க்யூட் சரியில்லை"ன்னு வர்ற கோடெல்லாம் சென்சார் பக்கமே கை காட்டும். அதுலயும் ஃப்யூஸ், வயர், கனெக்டரைப் பார்த்துட்டு, மல்டிமீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் அளந்துட்டு அப்புறம் வாங்குங்க. சென்சாரை மாத்தாதேன்னு நான் சொல்லலை. விசாரிக்காம மாத்தாதேங்கறேன். அதே மாதிரி பி0420ன்னு வந்ததும் ஆயிரக்கணக்குல செலவு பண்ணி கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாத்தறாங்க. முன்னாடி எக்ஸாஸ்ட் பைப்ல ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அந்தக் கோட் வரலாம். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் தாமதம் கூடாது. விளக்கு நிலையா எரியாம விட்டு விட்டு மின்னினா, இஞ்சின்ல மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போய் கன்வெர்ட்டரையே வேக வச்சுடும். அப்ப ஆராய்ச்சி வேண்டாம், ஓரங்கட்டுங்க.

சரி, கேவலமான காரியத்துக்கு வருவோம்.

ஹோஸைக் கழட்டி மேஜை மேல வச்சுப் பார்த்துட்டு இருந்தேன். வெடிப்போட ஓரம் புத்தம் புதுசா, கருகருன்னு சுத்தமா இருந்துச்சு. அப்பதான் மண்டையில ஒண்ணு உறைச்சுது. கோடை அழிச்சா எத்தனை நாள் தாங்கும்? எனக்குத்தான் தெரியுமே. ஒரு தடவை நாலு நாள். இன்னொரு தடவை ரெண்டு நாள். அண்ணன் கோடை அழிச்சுட்டு வித்திருந்தா அந்த வாரமே எரிஞ்சிருக்கும். எட்டு மாசம் எப்படிப் பொறுக்கும்? ஆதாரம் என் கையிலயேதான் இருந்துச்சு. நான் பார்க்கலை. விளக்கு எரிஞ்சுது, பக்கத்துல கிடைச்ச பேர் அவரோடது, அதைப் பிடிச்சு மாட்டிட்டேன். சென்சார்ல பண்ணின அதே தப்பு. என்ன, சென்சாருக்கு 68 டாலரோட போச்சு.

போன் பண்ணினேன். முழுசாச் சொன்னேன், சாப்பாட்டு மேஜையில சொன்னதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கு அது வந்து சேர்ந்துச்சுப்பா, ஒரு மாசம் முன்னாடியே. அதான் நானா உன்னைக் கூப்பிடலை"ன்னார். அப்புறம், "ஏன், விளக்கு எரிஞ்ச அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

அவர் கேட்டது அவ்வளவுதான். என்கிட்ட பதில் இல்லை. மன்னிச்சுக்கோங்கண்ணான்னேன். "விடுப்பா. வண்டி இப்ப நல்லா ஓடுதா?"ன்னார். ஓடுதுண்ணான்னேன். அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டுல அதே மேஜையில, அதே ஆளுங்க முன்னாடி, ஹோஸைக் கொண்டுபோய்க் காட்டி நான் சொன்னது தப்புன்னு சொன்னேன். நாலு பேர் சிரிச்சாங்க, ஓட்டினாங்க. பரவாயில்லை. ஆனா நாலு ஸ்டேட்டுக்குப் போன பேச்சு மொத்தமும் திரும்பி வந்திருக்குமான்னு தெரியலை. கார் கம்ப்யூட்டர்ல மாதிரி பட்டனை அமுக்கி அழிக்க இதுக்கு வழியில்லை.

டெஸ்ட் என்னாச்சுன்னு கேப்பீங்க. ஹோஸ் மாட்டினதும் அவசரப்பட்டு கோடை அழிச்சுட்டு அப்படியே டெஸ்டுக்கு ஓடினா வேலைக்காகாது. அழிச்சா, கார் தன்னைத் தானே சோதிச்சுக்கற மானிட்டர்கள் எல்லாம் பூஜ்யத்துக்குப் போயிடும். "இன்னும் ரெடி இல்லை"ன்னு டெஸ்ட் மெஷின் திருப்பி அனுப்பிடும். 2001க்குப் பிறகு வந்த மாடல்ல ஒரே ஒரு மானிட்டர்தான் பாக்கி இருக்கலாம். அதனால ஒரு வாரம் காலேஜ், ஹைவே, மளிகைக்கடைன்னு சாதாரணமா ஓட்டினேன். ஐடில் ட்ரிம் 3 சதவீதத்துல வந்து நின்னுச்சு. குலுக்கல் போயிடுச்சு. கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது பாஸ்.

செலவுக் கணக்கு: தேவையான செலவு 119 டாலர். அதுக்கு முன்னாடி அழுத தண்டம் 188. ப்ளூடூத் குச்சி 20. அதைத் தண்டத்துல சேர்க்கலை, முதலீடுன்னு வச்சுக்கறேன்.

ஊர்ல இருக்கற மக்கள் இது அமெரிக்கா கதைன்னு தாண்டிப் போயிடாதீங்க. 2020 ஏப்ரல்லேர்ந்து பிஎஸ் 6 வந்த பிறகு நம்ம ஊர் பைக்குலயே கார்புரேட்டர் போய், சென்சாரும் மஞ்சள் விளக்கும் வந்தாச்சு. முன்னாடியெல்லாம் தெருமுனை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோட ஒரு முனையை இஞ்சின்ல வச்சு, இன்னொரு முனையைக் காதுல வச்சுக் கேட்டுட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பார். ஸ்கேனர் வந்ததால அந்தக் கேக்கற பழக்கம் போயிடக் கூடாது. ஸ்கேனரும் காதுதான், வாய் இல்லை. "அதை மாத்து இதை மாத்து"ன்னு அது சொல்லாது. நாமதான் அப்படிக் கேட்டுக்கறோம்.

அந்த வெடிச்ச ஹோஸை நான் தூக்கிப் போடலை. என் மேஜை மேல மானிட்டருக்குக் கீழ வச்சிருக்கேன். யாரைப் பத்தியாவது சுருக்கா ஒரு முடிவுக்கு வரும்போது அதைப் பார்த்துக்கறேன். சில நாள் வேலை செய்யுது.

டிஸ்கி 1: நான் மெக்கானிக் இல்லை. அடிபட்டவன் அனுபவம், அவ்வளவுதான். தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன்.

டிஸ்கி 2: மாட்டாத புது பெட்ரோல் மூடி ஒண்ணு கைவசம் இருக்கு. 2004 மாடல் வச்சிருக்கறவங்க கேட்டா இலவசம். விளக்கு அணையும்னு உத்தரவாதம் மட்டும் கிடையாது.